கழற்றப்போகிறவனை நினைத்துப் பூட்டுங்கள்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது முதல் 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கும் வரையில் கழிந்த ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள், கையிலுள்ள வண்டியே இனி நமக்கு விதிக்கப்பட்ட வண்டி, அதைப் பேணிக் காப்பதைத் தவிர வேறு மார்க்கமில்லை என்ற உண்மையை, கொழும்பில் கார் வைத்திருக்கும் நடுத்தரக் குடும்பங்களுக்கு ஐயந்திரிபற உணர்த்திவிட்டன. 2022இல் டொலருக்கு 200 ரூபாயளவில் நின்ற நாணயப் பெறுமதி சில வாரங்களுக்குள் 300ஐயும் கடந்து சரிந்து, இறக்குமதியாகும் சாமான் ஒவ்வொன்றும் விலையேறியபோது, வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் லேன்களிலும், கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியை அண்டிய ஒழுங்கைகளிலும், அதுவரை பொனற்றைத் திறந்து பார்த்தேயறியாத பலர், பஞ்சிகாவத்தைக்குப் போய் ஒயிலும் பில்டரும் வாங்கிவந்து தாமே மாற்றப் பழகிக்கொண்டார்கள். தன் உடைமையைத் தன் கையாலேயே பராமரிப்பதில் ஒரு சுயமரியாதை இருக்கிறது. அது இந்தக் கஷ்ட காலத்தோடு மறைந்துவிடாமல் நிலைபெற வேண்டும் என்பதே என் விருப்பம்.

ஆயினும், இவ்வாறு தொடங்கியவர்களுள் கணிசமானோர் ஒரே இடத்தில் வந்து மனம் தளர்ந்துவிடுகிறார்கள். சம்ப் நட்டு இளகிவிடுகிறது. கறுத்த ஒயில் தட்டிலே வடிந்து முடிகிறது. அதன் பிறகு, கைப்பிடிக்குள் அடங்குகிற சிறு தகர டப்பாவான அந்த ஒயில் பில்டரைப் பற்றித் திருப்பினால், அது இம்மியும் அசைவதில்லை. ஒயில் படிந்த தகரத்தில் விரல்கள் வழுக்குகின்றன. மேலே நிற்கிற பிள்ளை டோர்ச்சைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று ஏச்சு வாங்குகிறது. வேறு வழி தோன்றாமல் ஒரு பெரிய ஸ்குறூ டிறைவரைச் சுத்தியலால் அடித்து டப்பாவின் ஊடாகச் செலுத்தி நெம்பினால், தகரம் கடதாசிபோலக் கிழிந்து, மிச்சமிருக்கும் ஒயில் முழங்கை வரைக்கும் வழிகிறது. ஒயில் வடிந்துபோன வண்டியை ஓட்டிக்கொண்டு கராஜுக்குப் போகவும் முடியாது. இந்த ஓர் அநுபவத்துக்குப் பிறகு, “இது நமக்குச் சரிவராது” என்று தீர்மானித்துவிடுகிறவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். அவர்களிடத்தில் எனக்குள்ள அநுதாபமே இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

ஏனென்றால், இறுகிப்போன பில்டருக்குப் பொறுப்பாளி அதைக் கழற்ற முடியாமல் தவிக்கிறவர் அல்லர். முந்திய முறை அதைப் பூட்டியவரே. இதைச் சிறிது விளக்க வேண்டும். பழைய மொரிஸ் மைனர் காரில் பில்டர் என்பது ஓர் இரும்புக் கிண்ணத்துக்குள் வைக்கப்பட்ட வடியாகவே இருந்தது. கிண்ணத்தை எஞ்சினோடு பிணைத்தது நடுவே ஓடிய ஒரு நீண்ட போல்ட். அதன் தலையில் ஸ்பானரைப் போட்டு இறுக்கவும் இளக்கவும் இயன்றது. 1950களில் அமெரிக்காவில் வழக்கத்துக்கு வந்து, பின்னர் உலகமெங்கும் பரவிய முழு டப்பா பில்டர், கிண்ணம், போல்ட், வடி ஆகிய யாவற்றையும் ஒன்றாக்கித் திருகிப் பூட்டும் ஒரே பொருளாகச் செய்துவிட்டது. பெரும்பாலும் அதற்கு ஸ்பானர் பிடிக்கத் தலையில்லை. கையால் பூட்டப்படுவதற்கென்றே அது அமைக்கப்பட்டது.

அதன் வாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. எஞ்சினின் சீவிய உலோக முகத்தில் அழுந்தி ஒயிலைத் தடுத்து நிறுத்துவது அந்த வளையம்தான், மரையன்று. புது ஒயிலில் ஒரு துளி எடுத்து அந்த வளையத்தில் தடவி, வளையம் உலோகத்தைத் தொடும் வரை கையால் திருகி, தொட்ட பின்னர் ஏறத்தாழ முக்கால் சுற்று மாத்திரம் திருப்பினால் போதும் என்பது அநேக பில்டர்களின் பெட்டியிலேயே படமாக அச்சிடப்பட்டிருக்கிற நியமம். சதுர அங்குலத்துக்கு 40 முதல் 60 இறாத்தல் வரையான ஒயில் அழுத்தத்தை அந்த முக்கால் சுற்றே தாங்கிக்கொள்கிறது. இதற்கு மாறாக, உலர்ந்த வளையத்தை அப்படியே வைத்து, கழற்றுவதற்காக வாங்கிய சங்கிலி ஸ்பானரையே இறுக்குவதற்கும் பிரயோகித்து, தோள் வலு முழுவதையும் செலுத்தினால், வளையம் உலோகத்தில் உரசி முறுகுகிறது. அதன் பின் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தூரம், 100 பாகை செல்சியஸை எட்டும் ஒயிலின் உஷ்ணத்தில் மாறி மாறி வெந்தும் ஆறியும் கெட்டியாகி, பசை வைத்து ஒட்டியதுபோல எஞ்சினோடு பற்றிக்கொள்கிறது. மாற்ற வேண்டிய தவணை கடந்து, வருஷக்கணக்கில் ஒரே பில்டரோடு ஓடிய வண்டியில் இந்தப் பிடிப்பு இன்னும் மோசமாகும்.

“இறுக்காமல் விட்டால் ஒழுகும், ஒழுகினால் வாடிக்கையாளர் வந்து ஏசுவார்” என்பது கராஜ்காரர்கள் கூறும் சமாதானம். அவர்களுடைய அச்சம் எனக்கு விளங்காததன்று. வேலை மலிந்த நாளில், ஓர் உதவியாளனிடம் கணக்குப் பார்த்துத் திருப்பு என்பதைவிட நன்றாக இறுக்கு என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் பில்டர் ஒழுகுவது பெரும்பாலும் இறுக்கம் குறைந்ததனால் அன்று. பழைய பில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் எஞ்சினோடு ஒட்டி நின்றுவிட, அதைக் கவனியாமல் புதியதை அதன்மேல் பூட்டிவிடுவதே அபாயம். எஞ்சினை ஓட விட்டதும் அந்த இரட்டை வளையம் பிதுங்கி, சில நிமிஷங்களில் ஒயில் முழுவதும் தெருவில் கொட்டிவிடும். எவ்வளவு இறுக்கினாலும் இந்தத் தவறு திருந்தாது. விரலால் ஒரு தரம் தடவிப் பார்த்தால் திருந்திவிடும்.

இனி, சிக்கிய பில்டரோடு வண்டியின் கீழே கிடப்பவருக்குச் சில வார்த்தைகள். முதலாவது, ஜாக்கியை மாத்திரம் நம்பி ஒருபோதும் வண்டிக்குக் கீழே தலையை வைக்காதீர்கள். சரிவான லேன்களில் ஸ்டாண்டும் சக்கரத்துக்கு அண்டைக்கட்டையும் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்குவதே குற்றம். எஞ்சினைச் சற்று நேரம் ஓட விட்டு நிறுத்தி, கை பொறுக்கும் சூட்டில் முயலுங்கள். இளஞ்சூட்டில் வளையம் விட்டுக்கொடுக்கும். திசையைப் பற்றிய சந்தேகத்தை முன்கூட்டியே தீர்த்துக்கொள்ளுங்கள்: பில்டரின் மூடிய முனையைப் பார்த்து நிற்கும்போது இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும்; எஞ்சினின் மேற்புறமிருந்து கையை நுழைத்துப் பிடிப்பவருக்கு அதுவே வலஞ்சுழியாகத் தோன்றும்; இந்தக் குழப்பத்தில், கழற்றுவதாக எண்ணிக்கொண்டு மேலும் இறுக்கிவிட்டவர்கள் அநேகர். டப்பாவைத் துணியால் எண்ணெய்ப் பசையறத் துடைத்து, சொரசொரப்புப் பக்கம் தகரத்தில் படும்படி உப்புத்தாளைச் சுற்றிப் பிடித்தால், வெறுங்கைக்கு வராத பல பில்டர்கள் வந்துவிடுகின்றன.

அதற்கும் அசையாவிட்டால் பஞ்சிகாவத்தையில் கிடைக்கிற பட்டி ஸ்பானரையோ சங்கிலி ஸ்பானரையோ நாடலாம். அதை டப்பாவின் நடுவில் மாட்டினால் தகரம் நசுங்குமேயன்றித் திரும்பாது. தகரமும் எஞ்சின் பக்கத்து அடித்தட்டும் மடித்துச் சேர்ந்த விளிம்பினருகே மாட்டுங்கள், பலம் அங்கேதான் இருக்கிறது. ஸ்குறூ டிறைவரைக் குத்துவது கடைசி உபாயம் என்று சொல்வார்கள். நான் அதை உபாயமாகவே கருதவில்லை. தகரம் கிழிந்து அடித்தட்டு மாத்திரம் எஞ்சினில் நிற்கிற நிலை வந்துவிட்டாலும் கலங்க வேண்டியதில்லை. அந்தத் தட்டின் விளிம்பில் ஓர் உளியைச் சாய்வாக வைத்து, அதே இடஞ்சுழித் திசையில், எஞ்சினின் உலோக முகத்தில் கீறல் விழாமல், பொறுமையாகத் தட்டித் தட்டி நகர்த்தலாம்.

கழற்றி முடித்த பிறகு மற்றொரு கடமை உண்டு. ஒரு சிறிய காரிலிருந்து வடிகிற 3, 4 லீற்றர் பழைய ஒயில் எங்கே போகிறது? வெள்ளவத்தையில் வீதியோரக் கானில் கொட்டினால் அது கால்வாய்க்கோ கடலுக்கோ போகிறது. கொட்டாஞ்சேனைப் பக்கம் கொட்டினால் சென் செபஸ்தியன் கால்வாயைத் தேடிச் செல்கிறது. எஞ்சினில் வெந்த ஒயிலில் தேய்ந்த உலோகத் துகள்களும், நீண்ட காலம் தோலில் பட்டால் புற்றுநோயை உண்டாக்கவல்ல பதார்த்தங்களும் கலந்திருக்கின்றன. கையுறை அணியுங்கள் என்று வற்புறுத்துவது இதனால்தான். நீர்நிலைகளை மாசுபடுத்துவதை 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் தடை செய்கிறது. ஆனால் பழைய ஒயிலைக் கொண்டுபோய் ஒப்படைக்க வசதியான இடத்தைக் காட்டாமல் சட்டத்தை மாத்திரம் காட்டுவது நியாயமன்று. கொழும்பு மாநகர சபை வெள்ளவத்தையில் ஒன்று, கொட்டாஞ்சேனையில் ஒன்று என, பொதுச்சந்தைக்கு அருகே மூடியுள்ள பீப்பாய் ஒன்றை வைத்து, அதில் சேரும் ஒயிலை ஒழுங்காக அகற்றவும் ஏற்பாடு செய்தால் செலவு அற்பமானது. அதுவரையில், ஒயில் வாங்கிய கலனிலேயே பழையதை ஊற்றி மூடி, பழைய ஒயிலைச் சேர்த்து விற்கிற சேவிஸ் ஸ்டேஷனில் கொடுத்துவிடுங்கள்.

கராஜ் நடத்துகிறவர்களிடம் என் விண்ணப்பம் ஒன்றுதான்: நீங்கள் பூட்டுகிற பில்டரை நாளை வேறொருவர், ஒருவேளை உங்கள் கராஜிலேயே வேலை பழகும் பையன், மல்லாந்து கிடந்து கழற்ற வேண்டியிருக்கும், அவரை நினைத்து வளையத்தில் ஒரு துளி ஒயிலைத் தடவுங்கள், கையால் பூட்டுங்கள், கை நுழையாத நெருக்கடியான இடமானால் அந்த முக்கால் சுற்றுக்கு மாத்திரம் கருவியைப் பிரயோகியுங்கள், பூட்டிய திகதியையும் ஓடிய கிலோமீற்றரையும் டப்பாவின் மீதே எழுதிவிடுங்கள். வண்டியைக் கராஜில் விடுகிற வாசகர்களும், பணத்தைக் கட்டிவிட்டு ஒதுங்கி நிற்காமல், பில்டர் பூட்டும் வேளையில் கிட்டப் போய் நின்று, “பாஸ், கையாலேயே இறுக்குங்கோ” என்று ஒரு சொல் சொல்லுங்கள்.