மருந்து உண்ணாதவருக்கும் தண்டனையா?



சில வாரங்களுக்கு முன் மஃரிப் தொழுகைக்குப் பின் நம் மதரஸாவில் ஃபிக்ஹுப் பாடம் நடந்துகொண்டிருந்தது. பதினேழு வயது மாணவர் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். காவலர் தேர்வுக்காக நாள்தோறும் அதிகாலையில் கிரிவலப் பாதையில் ஓடிப் பயிற்சி செய்பவர் அவர். "ஹஜ்ரத், ஊக்கமருந்தே உண்ணாத ஒருவரை, பரிசோதனைக்கு வந்தபோது வீட்டில் இல்லை என்ற ஒரே காரணத்திற்காகத் தண்டிப்பது ஸுல்ம் ஆகாதா?"

அவர் படித்துவிட்டு வந்தது ஹரியானாவின் குத்துச்சண்டை வீராங்கனை பர்வீன் ஹூடாவைப் பற்றி. 2022ஆம் ஆண்டு இஸ்தான்புல் உலகப் போட்டியில் நிஜாமாபாத்தின் நிகத் ஸரீன் தங்கம் வென்றபோது, அதே அணியில் வெண்கலம் வென்றவர் பர்வீன். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 57 கிலோ பிரிவில் மீண்டும் வெண்கலம் பெற்று, பாரிஸ் ஒலிம்பிக்கில் நாட்டுக்கு ஓர் இடத்தையும் உறுதிசெய்தார். அடுத்த ஆண்டே அனைத்தும் கைநழுவின. அவரது உடலில் எந்த மருந்தும் கண்டறியப்படவில்லை. பன்னிரண்டு மாதங்களுக்குள் மூன்று முறை தமது இருப்பிடத் தகவலைத் தருவதில் தவறினார் என்பதே குற்றம். 22 மாதத் தடை விதிக்கப்பட்டது. முன்தேதியிட்டுக் கணக்கிட்டதில், 2024 மே 17 முதல் 14 மாதங்கள் அவர் களத்திற்கு வெளியே நிற்க நேர்ந்தது. ஆசியப் பதக்கமும் போயிற்று, ஒலிம்பிக் இடமும் போயிற்று. அந்த இடத்தை ஜாஸ்மின் லம்போரியா பாங்காக் தகுதிப் போட்டியில் மீண்டும் போராடிப் பெற வேண்டியதாயிற்று.

இந்த விதி எதற்காக வந்தது என்பதை முதலில் அறிவோம். போட்டி நாளில் மட்டும் சோதித்தால், மருந்து உண்பவர் முன்கூட்டியே நிறுத்திவிட்டுத் தூய்மையானவராக வந்து நிற்பார். ஆகவே முன்னறிவிப்பின்றி வீட்டிற்கே வந்து சோதிக்க வேண்டியுள்ளது. அதற்கெனப் பட்டியலிடப்பட்ட முன்னணி வீரர்கள், ஒவ்வொரு நாளும் காலை 5 மணி முதல் இரவு 11 மணிக்குள் ஏதேனும் ஒரு மணி நேரத்தைத் தாமே தேர்ந்து, அந்நேரத்தில் எங்கே இருப்போம் என்பதை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பதிவுசெய்கின்றனர். திட்டம் மாறினால் கைப்பேசி வழியே திருத்தலாம். ஒருமுறை தவறினால் தண்டனை இல்லை. இருமுறை தவறினாலும் இல்லை. ஓராண்டுக்குள் மூன்றாம் முறையும் தவறினால்தான் குற்றம். தண்டனை பொதுவாக இரண்டு ஆண்டுகள். கவனக்குறைவின் அளவைப் பொறுத்து ஓராண்டு வரை குறையலாம்.

பௌர்ணமி இரவில் நம் திருவண்ணாமலையை எண்ணிப் பாருங்கள். வெளியூர் சென்ற ஒருவர் லட்சக்கணக்கான மக்கள் திரளைக் கடந்து குறித்த மணிக்கு வீடு திரும்புவது எளிதா? அன்று தவறவிட்டால் அது தீய எண்ணம் ஆகாது. ஆனால் பௌர்ணமி எந்த நாள் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். முகவரியை முன்னதாக மாற்றிவைத்திருக்கலாம் அல்லவா? விதி கேட்பது அந்த முன்யோசனையை மட்டுமே.

மாணவரிடம் நாம் மார்க்கச் சட்டத்திலிருந்தே பதில் சொன்னோம். பாவம் வேறு, பொறுப்பு வேறு. பிறர் பொருளைத் தவறுதலாக உடைத்தவர் மீது பாவம் எழுதப்படுவதில்லை; ஆயினும் ஈடு செலுத்தும் கடமை நீங்குவதில்லை. இதையே ஃபிக்ஹு நூல்கள் 'ளமான்' என்கின்றன. அந்நிஸா அத்தியாயத்தின் 92ஆம் வசனம், அறியாது நிகழ்ந்த கொலைக்கும் இழப்பீட்டையும் பரிகாரத்தையும் விதிக்கிறது. ஃபஜ்ரில் தம்மை அறியாது உறங்கிவிட்டவர் குற்றவாளி அல்லர். ஆனால் விழித்தவுடன் அந்தத் தொழுகையை நிறைவேற்றும் கடன் அவர் மீதே இருக்கிறது. ஒருமுறை உறங்கியவரிடம் நாம் அனுதாபம் காட்டுவோம். தொடர்ந்து உறங்குபவரிடம், "கடிகாரத்தில் மணி வைத்தீரா?" என்று கேட்போம்.

நம் சமுதாய இளைஞர்கள் நேசிக்கும் அமீர் கானின் நிலையும் இதுவே. பதினேழு வயதில் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற பிரிட்டன் வீரர் அவர். 2022 பிப்ரவரியில் மான்செஸ்டரில் கெல் புரூக்குடன் மோதிய பின் எடுத்த மாதிரியில் ஆஸ்டரின் என்ற தடைசெய்யப்பட்ட பொருள் மிகச் சிறிய அளவில் இருந்தது. அவர் வேண்டுமென்றோ பொறுப்பற்றோ உட்கொள்ளவில்லை என்று தீர்ப்பாயமே ஏற்றது. ஆயினும் இரண்டு ஆண்டுத் தடை விதித்தது. தம் உடலுக்குள் செல்வதற்கு வீரரே பொறுப்பு என்பது அங்குள்ள அடிப்படை. முகத்தில் அடிப்பதை மார்க்கம் தடுத்திருப்பதால் குத்துச்சண்டையே ஆகாது என அறிஞர் பலர் கூறுவதை நாம் அறிவோம். நாமும் அக்கருத்தை மதிக்கிறோம். ஆனால் இந்தப் பாடம் எல்லா விளையாட்டுகளுக்கும் உரியது.

மாணவர் அமைதியாகக் கேட்டார். பின்னர் இரண்டாவது கேள்வியை எழுப்பினார். "சரி ஹஜ்ரத், உண்டவர் தண்டிக்கப்படுகிறார். கொடுத்தவர்?"

இதற்கு உடனே விடை சொல்ல நம்மால் இயலவில்லை. காரணம், அதற்குச் சில நாட்களுக்கு முன்தான் ஜும்ஆவுக்குப் பின் ஒரு தகப்பனார் நம்மிடம் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து காட்டியிருந்தார். உடற்பயிற்சிக் கூடத்தில் மகனுக்கு விற்கப்பட்ட சத்து மாவு அது. அதனுடன் பெயரில்லா உறையில் மாத்திரைகளும் இருந்தன. "ஜெலட்டின் இருக்கிறதா, ஹலாலா என்று பாருங்கள்" என்பதே அவருடைய கேள்வி. மாவின் லேபிளை நாம் படித்துச் சொன்னோம். மாத்திரையைப் பற்றி அவரும் கேட்கவில்லை. நாமும் கேட்காமல் விட்டோம். மகனின் முகமெங்கும் பருக்கள், காரணமில்லாக் கோபம் என்று பிறகே தெரியவந்தது. இப்போது அவர் மருத்துவரிடம் காட்டப்பட்டுள்ளார், அல்ஹம்து லில்லாஹ். ஆயினும் அன்று கேட்காமல் விட்டது நம் தவறு.

ஹலால் என்பதைப் பன்றிக் கொழுப்போடும் மதுவோடும் முடித்துக்கொண்டோமோ என்ற அச்சம் நமக்கு எழுகிறது. உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். தசை வளர்க்கும் ஸ்டீராய்டுகள் கல்லீரலையும் இதயத்தையும் கெடுக்கும், ஆண்மலட்டுத்தன்மையையும் உண்டாக்கும். அதை உண்டு ஓடுபவர், தம்மோடு நேர்மையாக ஓடியவரின் பரிசையும் பறிக்கிறார். அது எடைக்கல்லில் மோசடி செய்வதற்கு ஒப்பாகும்.

கொடுத்தவர் பற்றியும் மார்க்கம் மௌனமாக இல்லை. மருத்துவம் அறியாத ஒருவர் மருத்துவம் பார்த்தால், விளையும் கேட்டுக்கு அவரே பொறுப்பு என்ற கருத்தில் நபிமொழி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளும், தடை மருந்தைக் கொடுப்பவருக்கும் விற்பவருக்கும் நான்கு ஆண்டு முதல் வாழ்நாள் வரை தடை என்கின்றன. ஆனால் எந்தச் சங்கத்திலும் சேராமல், தெருமுனையில் கூடம் நடத்துபவருக்கு விளையாட்டுத் தடை என்ன செய்துவிடும்?

திருச்சி முடிகண்டத்தின் கோமதி மாரிமுத்துவை மறந்திருக்க மாட்டீர்கள். 2019 ஏப்ரலில் தோஹாவில் 800 மீட்டர் ஓட்டத்தில் ஆசியத் தங்கம் வென்றபோது தமிழகமே கொண்டாடியது. பின்னர் நான்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டு கண்டறியப்பட்டு, பதக்கம் பறிக்கப்பட்டு, நான்கு ஆண்டுத் தடையும் வந்தது. தாம் அறிந்து உட்கொள்ளவில்லை என்றே அவர் கூறினார். அவருடைய பெயர் ஊரெங்கும் தெரியும். அந்த மருந்து எந்தக் கை வழியாக வந்தது என்பது நம் யாருக்கும் தெரியாது.

2024இல் நம் நாட்டில் எடுக்கப்பட்ட 7,113 மாதிரிகளில் 260 தவறின. எண்ணிக்கையில் அது உலகிலேயே அதிகம். 2022ஆம் ஆண்டின் தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, சோதனைகளும் பெருகியுள்ளன. வீரரின் வாசலில் காத்திருக்கும் அதே விடாமுயற்சியோடு விற்பவரின் வாசலிலும் அரசு நிற்க வேண்டும். கிராமத்திலிருந்து வரும் வீரருக்கு இருப்பிடப் பதிவைக் கற்றுத்தந்து நினைவூட்ட, விளையாட்டுச் சங்கங்கள் ஒருவரை நியமிக்க வேண்டும். இவ்விரண்டும் நடக்கும்வரை நீதியின் ஒரு தட்டு மட்டுமே கனத்திருக்கும்.

பெற்றோர்களே, பிள்ளைகள் கூடத்துக்குச் செல்வதைத் தடுக்காதீர்கள். உறுதியான உடலை மார்க்கம் விரும்புகிறது. ஆனால் டப்பாவைத் திறந்து பாருங்கள். பெயரில்லா மாத்திரையை ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். கேள்வி கேட்டால் பிள்ளை கோபிப்பானே என்று தயங்காதீர்கள். ஜமாஅத் நிர்வாகிகள் ஒரு ஜும்ஆ பயானை இதற்கென ஒதுக்கினால் நலம்.

அந்த மாணவர் இப்போதும் அதிகாலையில் ஓடுகிறார். அவருடைய முதல் கேள்விக்கு நாம் பதில் சொல்லிவிட்டோம். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை நம் எல்லோர் மீதும் இருக்கிறது.

யா அல்லாஹ், எங்கள் பிள்ளைகளின் உடலையும் உழைப்பையும் தூய்மையாக்குவாயாக. அவர்களை ஏமாற்றுபவர்களிடமிருந்து காப்பாயாக. ஆமீன்.