முப்பத்தைந்து லட்சம் பேர்

ஐ.எஸ்.எல். கால்பந்துக்கு வந்து காசு மட்டும் வாங்கிப் போன வெளிநாட்டு வீரர்கள் என்று இந்த வாரம் ஒரு பட்டியல் என் கைக்கு வந்தது. அதில் உருகுவேயின் டியேகோ ஃபோர்லான் பெயரைப் பார்த்ததும் எனக்குக் கோபம் பொங்கிவிட்டது.

2016இல் மும்பை சிட்டிக்கு ஆட வந்தபோது அவருக்கு 37 வயது. அந்த நவம்பர் 19 அன்று கேரளா பிளாஸ்டர்ஸை மும்பை 5-0 என்று வென்றதே, அதில் மூன்று கோல் அவர் போட்டவை. மும்பை லீக் சுற்றில் முதலிடம் பிடித்தது அந்த ஆண்டுதான். அரையிறுதியில் அவர் சிவப்பு அட்டை வாங்கியதும் உண்மை. காசுக்காக நிற்பவன் அந்த வயதில் அவ்வளவு மூர்க்கமாகப் பந்துக்குப் போகமாட்டான்.

பதின்வயதில் அர்ஜென்டினாவுக்குப் போனவர் அவர். மான்செஸ்டர் யுனைடெட்டில் முதல் கோலுக்கே எட்டு மாதம் காத்திருந்தார். கேலிப் பேச்சுக்கும் ஆளானார். பிறகு ஸ்பெயினில் வில்லாரியல், அட்லெட்டிகோ மாட்ரிட் என்று இரண்டு அணிகளுக்கு ஆடி, இரண்டு முறை ஐரோப்பியத் தங்கக் காலணி வாங்கினார். 2010 உலகக் கோப்பையின் சிறந்த வீரரும் அவரே.

அவர் நாட்டின் மக்கள்தொகை ஏறக்குறைய 35 லட்சம். 2011 கணக்கெடுப்பின்படி நம் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகையும் ஏறக்குறைய அதேதான். 1930, 1950 என்று இரண்டு உலகக் கோப்பைகளை வென்றது சேலம் மாவட்டத்தின் அளவு ஜனங்கள்கூட அன்று இல்லாத ஒரு தேசம்.

உருகுவே எழுத்தாளர் எதுவார்தோ கலியானோவை மறுபடியும் இழுத்து வருகிறேன். இந்தப் பத்தியின் பழைய வாசகர்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். அவர் 1995இல் எழுதிய ‘வெயிலிலும் நிழலிலும் கால்பந்து’ மாதிரி விளையாட்டைப் பற்றி இன்னொரு புத்தகம் நான் படித்ததில்லை. பக்கத்துக்கு ஒரு சின்ன அத்தியாயம். ஒரு கோல், ஒரு கோல்கீப்பர், ஒரு மைதானம். உலகக் கோப்பை நடக்கும் மாதத்தில், கால்பந்துக்காக வீடு மூடியிருக்கிறது என்று வாசலில் எழுதி மாட்டிவிட்ட மனிதர் அவர். அந்த நாட்டில் எழுத்தாளனும் மைதானத்தில் வளர்ந்த பிள்ளைதான்.

அங்கே ஆறு வயதிலிருந்து பதின்மூன்று வரை பிள்ளைகளுக்கென்றே தனி லீக் உண்டு. பேட்டைக்குப் பேட்டை ஒரு சிறு கிளப், பிள்ளைகள் அளவுக்கு ஒரு சிறு மைதானம். நடத்துவது பெரும்பாலும் பெற்றோரும் அக்கம்பக்கத்தாரும். லூயிஸ் சுவாரெஸும் எடின்சன் கவானியும் 1987இல் மூன்று வார இடைவெளியில் பிறந்தது சால்டோ என்ற ஊரில். அங்கே மொத்தமே ஒரு லட்சம் பேர்தான்.

சேலம் மாவட்டத்தில் இருக்கும் எங்கள் ஏற்காட்டில் பிள்ளைகளுக்குக் கால் இல்லையா? நாகலூர்ப் பக்கமும் செம்மநத்தம் பக்கமும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் வெறுங்காலோடு ஏறும் மேட்டைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். இல்லாதது சமநிலம். சேர்வராயன் மலையில் தட்டையாக ஓர் இடம் கிடைத்தால் அங்கே விடுதி எழும்பும், இல்லையென்றால் காபி காய வைக்கும் களமாகும். மிச்ச இடத்தில் ஆடினால் உதைத்த பந்து சரிவில் உருண்டு காபிச் செடிக்குள் போய்விடும். தேடி எடுத்து வருவதற்குள் இருட்டிவிடும். எங்கள் வீட்டுக்குக் கீழே பிள்ளைகள் ஆடும் ஒரே மைதானத்தைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். கோடை வந்தால் அதில் கார்கள் நிற்கின்றன. சீசன் முடிந்து பிள்ளைகள் திரும்பி வரும்போது மழை பெய்து, சக்கரத் தடமெல்லாம் குழியாகியிருக்கிறது.

சுற்றுலா வேண்டும், யார் வேண்டாம் என்றார்கள்? கார்களைக் கீழேயே நிறுத்திவிட்டுப் பயணிகளைப் பேருந்தில் ஏற்றி வரலாம். மைதானத்தை அப்படி இடம் மாற்ற முடியாது. பொறுப்பில் இருப்பவர்களை மன்றாடிக் கேட்கிறேன்: அடுத்த கோடை விழாவுக்கு முன் அந்த நிலத்தைச் சுற்றி வேலி போட்டு, பிள்ளைகளின் இடம் என்று பலகை வையுங்கள்.