மொட்டை மாடிச் சாவியைக் கொடுங்கள், வானம் அங்கேயேதான் இருக்கிறது

"சென்னையில டெலஸ்கோப்பா? அந்தக் காசுக்கு ஒரு ஏர் கூலர் வாங்கியிருக்கலாமேடா."

என் வகுப்பு நண்பன் சொன்னது. சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் இதையே சித்தப்பாவும் சொன்னார், கீழ் ஃப்ளாட் அங்கிளும் சொன்னார். "இந்த விளக்கு வெளிச்சத்துல என்னத்த தெரியும்? திட்டக்குடிக்குப் போறப்ப தூக்கிட்டுப் போய்ப் பாரு." ஆளாளுக்கு ஒரே டயலாக்.

நான் படிப்புக்காகத் தங்கியிருப்பது சித்தப்பா வீட்டில், ஒன்பதாவது மாடி. எதிரே ஒரு ஜவுளிக்கடை போர்டு விடிய விடிய எரியும். என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய 5 அங்குல டெலஸ்கோப். இதை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்: 'நகரத்துல ஒண்ணும் தெரியாது' என்பது பார்க்காதவர்கள் கட்டிய கதை. என்னைத் தடுத்தது வெளிச்சம் இல்லை. ஒரு பூட்டு.

முதலில் எதிர்க்கட்சிக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடுகிறேன். போனது போனதுதான். 2016-ல் வெளியான உலக ஒளி மாசு வரைபடத்தின்படி, மனிதர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்களால் இருக்கும் இடத்திலிருந்து பால்வீதியைப் பார்க்கவே முடியாது. சென்னைவாசிகளும் அந்தக் கணக்கில்தான். ஆண்ட்ரோமெடா கேலக்ஸியைத் தேடினால், லென்ஸில் அழுக்கோ என்று சந்தேகம் வருகிற மாதிரி ஒரு திட்டு. காரணம் எளிது. கேலக்ஸியின் வெளிச்சம் பரவிக் கிடக்கும் மங்கல் வெளிச்சம். ஊர் விளக்கால் வானமே அதைவிடப் பளிச்சென்று இருந்தால் அது மூழ்கிவிடும். டெலஸ்கோப்போ இரண்டையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் அலறும்போது பக்கத்து நாற்காலிக்காரர் ரகசியம் சொல்வது மாதிரி.

ஆனால் நிலா ரகசியம் பேசுவதில்லை பாஸ். கத்துகிறது. வியாழனும் சனியும் வெள்ளியும் அப்படித்தான். நிலாவில் வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டின் ஓரமாகப் பாருங்கள். 90 கிலோமீட்டருக்கு மேல் அகலமுள்ள கோப்பர்நிக்கஸ் பள்ளத்தின் விளிம்பு நிழல் விழுந்து நிற்கும். 1610 ஜனவரியில் கலிலியோ கண்டுபிடித்த வியாழனின் நான்கு நிலாக்கள், அவர் கையில் இருந்ததைவிட நல்ல கண்ணாடியில், ஜவுளிக்கடை போர்டுக்கு மேலேயே தெரியும். சனியின் வளையம் 2025 மார்ச்சில் பூமிக்கு விளிம்பைக் காட்டிக் கோடாகிப்போனது. அதற்குப் பிறகு மெல்ல மெல்லத் திறந்துகொண்டிருக்கிறது. மிதுன ராசியின் காஸ்டர் வெறும் கண்ணுக்கு ஒரே நட்சத்திரம். ஐபீஸை மாற்றிப் பெரிதாக்கினால் இரண்டாகப் பிரிந்து நிற்கும். பெரிதாக்கப் பெரிதாக்கப் பின்னணி வானம் கறுக்கும், நட்சத்திரம் புள்ளியாகவே இருக்கும். ஊர் விளக்கு இங்கே ஒன்றும் பண்ண முடியாது.

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம், நம்ம ஊருக்கு ஒத்துவராது என்பவர்கள் ஒருமுறை நுங்கம்பாக்கம் போய் வாருங்கள். இன்று வானிலை ஆய்வு மையம் இருக்கும் வளாகத்தில்தான் 1792 முதல் மெட்ராஸ் வானாய்வகம் இருந்தது. சுமார் 11,000 நட்சத்திரங்களின் பட்டியல் இங்கிருந்து 1844-ல் வெளிவந்தது. 1861-ல் நார்மன் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு 'ஆசியா' என்று பெயர் வைத்தார். 1867-ல் சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஒளி கூடிக் குறையும் ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அப்போது எல்.இ.டி. விளக்கு கிடையாதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதே வியர்வை, இதே கடல்காற்று ஈரம், இதே ஐப்பசி மேகம். அவர்கள் தலைக்கு மேல் வானம் திறந்திருந்தது. என் தலைக்கு மேல் பத்தாவது மாடி.

சண்டையே இங்கேதான். சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. அதனால் கிரகங்களும் நிலாவும் உச்சிக்கு வரும்போது ஏறக்குறைய நம் தலைக்கு நேர் மேலே போகும். அப்போதுதான் காற்றின் கலக்கம் குறைந்து படம் தெளிவாக இருக்கும். அந்த நேரம் பார்த்து பால்கனிக்கு மேலே இருக்கும் சிலாப் மறைத்துவிடும். பால்கனியில் கிடைப்பதெல்லாம் அடிவானத்துப் புழுதியும், எதிர்க் கட்டிடம் பகலெல்லாம் குடித்த வெயிலைக் கக்கும் அனலும், கீழ்வீட்டு ஏ.சி.யின் சூடான மூச்சும்தான். வியாழன் கொதிக்கிற ரசம் மாதிரி நெளியும். மொட்டை மாடிக்குப் போனால் பிரச்சினை முடிந்தது. மொட்டை மாடிக்குப் பூட்டு.

2025 செப்டம்பர் 7 ராத்திரி முழு சந்திர கிரகணம். 11 மணியிலிருந்து 12.22 வரை நிலா முழுக்கப் பூமியின் நிழலில். கிட்டத்தட்ட தலைக்கு மேலே. டெலஸ்கோப்பே வேண்டாத காட்சி. எங்கள் பில்டிங் பொடியன்கள் ஆறேழு பேரைக் கூட்டிக்கொண்டு அசோசியேஷன் செக்ரட்டரியிடம் சாவி கேட்டேன்.

"தம்பி, மேல தண்ணித் தொட்டி இருக்கு. யாராவது விழுந்துட்டா யார் பொறுப்பு? அதுவும் நீங்க ஓனர் இல்லையே."

பொடியன்களில் இரண்டு பேர் ஓனர் பிள்ளைகள் சார் என்றேன். கிரகணத்துல பிள்ளைங்களை வெளிய விடலாமா என்று பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. கடைசியில் கேட்டுக்கு வெளியே, தெருவில், பைக்குகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நின்று மேகம் விலகியபோதெல்லாம் பார்த்தோம். மாடியில் ஆபத்தாம், தெருவில் ஆபத்து இல்லையாம்! இதே மாடியை டிசம்பர் 31 ராத்திரி ஸ்பீக்கர் கட்டி, சீரியல் செட் போட்டு, நடுராத்திரி வரை திறந்து வைப்பார்கள். அன்றைக்குத் தண்ணித் தொட்டி எங்கே போகும் என்று தெரியவில்லை.

சரி, 'ஊருக்குப் போய்ப் பாரு' கட்சிக்கு வருகிறேன். திட்டக்குடியில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கதவே கிடையாது. வெள்ளாற்றுப் பக்கம் போனால் இருட்டும் உண்டு. ஆனால் நான் போவது வருஷத்துக்கு நாலு தடவை. பி.காம் படிக்கிறவனிடம் வந்தால் கணக்கில்தான் அடி விழும். 18,000 ரூபாய் டெலஸ்கோப், வருஷம் 4 ராத்திரி, 5 வருஷம். மொத்தம் 20 ராத்திரி. ஒரு ராத்திரிக்கு 900 ரூபாய், பஸ் சார்ஜ் தனி. இங்கேயே மாடியில் வருஷம் 60 ராத்திரி பார்த்தால் 300 ராத்திரி. ஒரு ராத்திரிக்கு 60 ரூபாய். எது வீண் செலவு?

தவிர ஊர் இருட்டும் நிரந்தர வைப்பு நிதி இல்லை. அங்கேயும் ஹைமாஸ்ட் விளக்கு வந்துகொண்டே இருக்கிறது. விளக்கே வேண்டாம் என்று சொல்ல நான் பைத்தியக்காரன் இல்லை, ராத்திரி ஷிஃப்ட் முடித்து நடந்து வரும் அக்காவுக்கு வெளிச்சம் வேண்டும். அந்த வெளிச்சம் ரோட்டில் விழட்டும், மேகத்துக்கு எதற்கு? மேலே மூடி போட்டு, வெள்ளைக்குப் பதில் மஞ்சள் நிறத்தில் போட்டால் போதும். லடாக்கின் ஹான்லேயில் 2022-ல் இருண்ட வானக் காப்பகமே அறிவித்தார்கள். அங்கே கிராமத்து வீடுகளில் விளக்கை மறைக்கிறார்கள். இங்கே நான் கேட்பது ஒரு சாவி.

ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடுகிறோம். இரவு 8 முதல் 10 வரை மட்டும். சின்னப் பிள்ளைகளோடு ஒரு பெரியவர் கட்டாயம். கைப்பிடிச் சுவர் பக்கம் போக மாட்டோம். இதில் எந்த வரி தப்பு என்று அசோசியேஷன்கள் சொல்லட்டும். சொல்ல முடியாவிட்டால், வானம் தெரியாததற்கு விளக்கைக் குறை சொல்வதை நிறுத்தட்டும்.

செக்ரட்டரி சார், ஒரு சந்தோஷச் செய்தி. 2028 டிசம்பர் 31 இரவு, பத்து மணியை ஒட்டி, முழு சந்திர கிரகணம். இந்தியாவில் தெரியும். அன்றைக்கு எப்படியும் மாடியைத் திறப்பீர்கள். ஒரு மணி நேரம் சீரியல் செட்டை மட்டும் அணைத்துவிடுங்கள் :-)

டிஸ்கி: ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்க்காதீர்கள், படம் பாழாகும். டெலஸ்கோப்பை அரை மணி முன்னாடியே வெளியே வைத்து ஆறவிடுங்கள். ஃபில்டர் இல்லாமல் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது, கண் போய்விடும்.