வாக்கு என்னும் சொல்லின் விலை

ஸ்டீமிட் முதலான கிரிப்டோ நாணய வலைப்பதிவுத் தளங்களில் எழுதத் தொடங்குவது எப்படி என்று சொல்லித்தரும் கையேடுகள் எல்லாம் ஒரே தடத்தில் செல்கின்றன. கணக்குத் திறக்க வேண்டும். கடவுச்சொல்லைப் பத்திரப்படுத்த வேண்டும். அறிமுகப் பதிவு ஒன்று எழுத வேண்டும். பிறர் பதிவுகளைப் படித்து வாக்களிக்க வேண்டும். வருவாய் பின்னாலேயே வரும். ஆய்வு மாணவர்களிடையே இந்த அறிவுரை உலவும்போது அதனோடு ஒரு வாதமும் சேர்ந்துகொள்கிறது. ஆய்விதழ்கள் எழுதியவருக்கு ஒரு காசும் தருவதில்லை; சில இதழ்கள் எழுதியவரிடமே கட்டணம் கேட்கின்றன; இங்கேயோ வாசகரே எழுத்துக்குக் கூலி தருகிறார் என்பது அந்த வாதம்.

இதன் முற்பாதியை எந்த ஆய்வாளரும் மறுக்க மாட்டார். உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாகும் துறைகளில் அது கசப்பான உண்மை. பிற்பாதிதான் பொய். வாசகர் இங்கே கூலி தருவதே இல்லை. ஸ்டீம் என்னும் பிளாக்செயின் நாள்தோறும் புதிய நாணயங்களை உருவாக்குகிறது. அவற்றில் ஒரு பகுதி பொதுத் தொகுப்பில் சேர்ந்து, வாக்குகளின் கணக்குப்படி பதிவுகளுக்குப் பங்கிடப்படுகிறது. அந்த நாணயத்தை யாராவது சந்தையில் விலைகொடுத்து வாங்கும்வரைதான் எழுதியவர் கையில் இருப்பது பணம். 2018 ஜனவரியில் ஸ்டீமின் விலை ஏழு டாலரைத் தாண்டியது. அவ்வாண்டு முடிவதற்குள் அரை டாலருக்கும் கீழே இறங்கியது. அந்த நவம்பரிலேயே நிறுவனம் தன் பணியாளர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினரை வெளியேற்றியது. இடைப்பட்ட மாதங்களில் எழுத்தின் தரம் அந்த அளவுக்குச் சரிந்துவிட்டதாக எவரும் சொல்லவில்லை.

கையேடுகள் மிக எளிதாகக் கடந்துசெல்லும் சொல் ‘வாக்கு’. தமிழில் அச்சொல்லுக்குப் பேச்சு என்ற பொருள் உண்டு, உறுதிமொழி என்ற பொருள் உண்டு. தேர்தல் அரசியல் வந்தபின் ஏற்ற பொருள் மூன்றாவது. ஆளுக்கு ஒன்று, அனைத்தும் சமம் என்பது அந்த மூன்றாம் பொருளின் உயிர். ஸ்டீமிட்டில் பொத்தானை அழுத்துபவரின் கணக்கில் ‘ஸ்டீம் பவர்’ எவ்வளவு பூட்டிவைக்கப்பட்டிருக்கிறதோ அந்த அளவே அவர் வாக்கின் எடை. புதிதாகச் சேர்ந்த நூறு மாணவர்கள் ஒரு கட்டுரையை ஊன்றிப் படித்து வாக்களித்தாலும் கட்டுரையின் கீழ் சில சென்ட்டுகள்கூடத் தோன்றாமல் போகலாம்; பெருமுதல் வைத்திருக்கும் ஒருவர் தலைப்பைக்கூடப் படிக்காமல் அழுத்தினால் பல டாலர்கள் தோன்றும். இரண்டு சென்ட்டை எட்டாத தொகை எழுதியவருக்கு வந்துசேர்வதும் இல்லை. பங்குதாரர் கூட்டத்தில் நடப்பதும் ஏறத்தாழ இதுவே. ஆனால் அங்கே அதைப் பங்குரிமை என்று நேர்மையாகச் சொல்கிறார்கள். இங்கே குடியாட்சியின் சொல்லைக் கடன் வாங்கி அதே பொருளை விற்கிறார்கள்.

தொடக்கக் காலத்தில் நிலைமை இதைவிட மோசம். பதிவுக்கு விழும் வாக்கு எடையின் இருமடிக்கு ஏற்பத் தொகை பங்கிடப்பட்டது. ஒருவரிடம் மற்றவரைப்போல் நூறு மடங்கு முதல் இருந்தால், அவரது தனி வாக்கு ஒரு பதிவுக்குப் பத்தாயிரம் மடங்கு பயன் தரும். 2017 ஜூனில்தான் இது நேர்விகிதமாக மாற்றப்பட்டது. மாற்றியதும் முன்பு மறைந்திருந்த இன்னொன்று பெருகியது. வாக்குகளை விலைக்கு விற்கும் தானியங்கிகள் எங்கும் முளைத்தன. எழுதியவரே பணம் அனுப்பித் தம் பதிவுக்கு வாக்கு வாங்கினார். முகப்புப் பட்டியல் அவ்வாறு வாங்கப்பட்ட வாக்குகளால் நிறைந்தது. இதற்கு மருந்தாக 2019 ஆகஸ்டில் வந்த மாற்றம், எழுதியவரின் பங்கை 75 விழுக்காட்டிலிருந்து 50 ஆகக் குறைத்து மறுபாதியை வாக்களிப்போருக்குக் கொடுத்தது. எழுத்துக்குக் கூலி தருவதாகச் சொன்ன ஏற்பாட்டில், எழுதியவருக்குச் சமமாக முதல் வைத்திருப்பவரும் பங்கு பெறலானார்.

இவையெல்லாம் எதிர்பாராத திரிபுகள் என்றும் சொல்ல இயலாது. ஸ்டீமின் வெள்ளை அறிக்கையிலேயே வாளிக்குள் கிடக்கும் நண்டுகளின் உவமை வருகிறது. ஒருவர் தமக்குத்தாமே வாக்களித்து மிகுதியாக அள்ள முயன்றால் மற்றவர்கள் அவரைக் கீழே இழுத்துவிடுவார்கள், ஆகவே அமைப்பு நிலைக்கும் என்பது அதன் கருத்து. தமிழர்கள் தங்களைத் தாங்களே நொந்துகொள்ளச் சொல்லும் அதே நண்டுக் கதை அங்கே பொருளாதாரக் கோட்பாடாகப் பதவி உயர்வு பெற்றிருக்கிறது. பயனர்களின் பேச்சுவழக்கு இன்னும் வெளிப்படை. அவர்கள் தங்களைச் சிறுமீன், டால்ஃபின், திமிங்கிலம் என்று முதலின் அளவுக்கேற்ப வகைபிரித்துக்கொள்கிறார்கள். பெரிய மீன் சிறிய மீனை விழுங்கும் நிலையைப் பழைய அரசியல் நூலார் மச்ச நியாயம் என்றார்கள். அரசு என்ற ஒன்று ஏன் தேவை என்பதற்கு அவர்கள் சொன்ன காரணமே அதுதான்.

ஆய்வாளருக்கு இதனினும் நெருக்கமான சிக்கல் காலம். ஒரு பதிவுக்கு வருவாய் கணக்கிடப்படுவது ஏழு நாட்கள். எட்டாம் நாள் படித்து வியந்து வாக்களிப்பவரால் எழுதியவருக்கு ஒன்றும் வராது. ஆய்வெழுத்தின் வாழ்வு இதற்கு நேர்மாறானது. வினையெச்ச அமைப்பைப் பற்றிய கட்டுரையை அதைத் தேடி அலையும் மாணவர் பத்தாண்டு கழித்தே கண்டடைவார். ஏழு நாளில் விலைபோகும் எழுத்து எத்தகையது என்பது அத்தளத்திலேயே தெரிகிறது: நாணய விலை பற்றிய ஊகம், அத்தளத்தில் சம்பாதிப்பது எப்படி என்ற அறிவுரை, அந்த அறிவுரைக்கு நன்றி. மரத்தின் பழத்தைவிட மரம் ஏறும் வித்தைக்கே அங்கு விற்பனை அதிகம்.

அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது 2020இல் ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்துபோயிற்று. இந்தப் பிளாக்செயினை இயக்குவோருக்கு ‘சாட்சி’ என்று பெயர். கண்ணால் கண்டவர் என்பது அச்சொல்லின் வேர்ப்பொருள். இங்கே சாட்சிகள் பார்ப்பவர்கள் அல்லர், ஆள்பவர்கள். முதலிடங்களில் உள்ள இருபது பேர் ஒத்துக்கொண்டால் விதிகளையே மாற்றலாம். அவர்களைத் தேர்ந்தெடுப்பதும் முதலின் எடையே. அதிலும் ஒருவர் முப்பது பேருக்கு வாக்களிக்கலாம், ஒவ்வொருவருக்கும் முழு எடையோடு. போதிய முதல் இருந்தால் ஒரே கை இருபது இருக்கைகளையும் நிரப்பிவிடும்.

2020 பிப்ரவரியில் ட்ரான் நிறுவனர் ஜஸ்டின் சன் ஸ்டீமிட் நிறுவனத்தை வாங்கினார். 2016இல், வெளியாட்கள் பெரிதாக நுழையும் முன்பே நிறுவனம் தனக்கென உருவாக்கிக்கொண்ட பெருந்தொகை நாணயமும் அதனோடு கைமாறியது. தளத்தின் வளர்ச்சிக்கே அது செலவாகும் என்று முன்பு சொல்லப்பட்டிருந்தது. அஞ்சிய சாட்சிகள் அந்நாணயத்தை முடக்கினார்கள். மார்ச் 2 அன்று பைனான்ஸ், ஹுவோபி, போலோனிக்ஸ் ஆகிய மூன்று பரிமாற்றகங்கள் தங்களிடம் வாடிக்கையாளர்கள் வைத்திருந்த நாணயங்களைக் கொண்டு வாக்களித்தன. பழைய சாட்சிகள் முதலிடங்களிலிருந்து அகற்றப்பட்டார்கள். கண்டனம் எழுந்தபின் பரிமாற்றகங்கள் பின்வாங்கின. ஆனால் காட்ட வேண்டியது காட்டப்பட்டுவிட்டது. பிறர் பணத்தைப் பாதுகாக்கும் பெட்டகக்காரர் அதைக் கொண்டே பிறரை ஆளலாம்.

பயனர்களில் பெரும் பிரிவினர் மார்ச் 20 அன்று ஹைவ் என்ற தனிக் கிளையாகப் பிரிந்து வெளியேறினார்கள். இதை நியாயமாகச் சொல்லவும் வேண்டும்: பழைய பதிவுகள் முழுவதையும் எடுத்துக்கொண்டு கூட்டமாக வீட்டைவிட்டுப் போவது விளம்பர நிறுவனங்களின் சமூக ஊடகங்களில் எளிதன்று. எனினும் அந்தப் புதுவீட்டிலும் வாக்கின் எடை முதலின் எடையாகவே தொடர்கிறது. எஞ்சிய ஸ்டீமில் மே 20 அன்று விதி மாற்றம் ஒன்றின் வழியே 64 கணக்குகளிலிருந்து 2 கோடியே 36 லட்சம் ஸ்டீம் பறிக்கப்பட்டது. எவராலும் பறிக்க முடியாத உடைமை என்பது இத்தொழில்நுட்பத்தின் முதல் வாக்குறுதி.

இந்தியாவிலிருந்து தொடங்குவோருக்கு வேறொரு கணக்கும் உண்டு. 2018 ஏப்ரல் 6 அன்று ரிசர்வ் வங்கி, கிரிப்டோ வணிகத்தோடு வங்கிகள் தொடர்பு வைக்கக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. உச்ச நீதிமன்றம் அதை 2020 மார்ச் 4 அன்று நீக்கியது. 2022 ஏப்ரல் முதல் இந்நாணயங்களை விற்று வரும் ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வரி; ஒன்றில் நேர்ந்த இழப்பை இன்னொன்றின் ஆதாயத்தில் கழிக்கவும் இயலாது. உதவித்தொகையை நம்பி வாழும் மாணவர் இந்தக் கட்டங்களைத் தாண்டிக் கையில் பெறும் தொகை, அதே நேரத்தில் பிழைதிருத்தமோ மொழிபெயர்ப்போ செய்தால் கிடைப்பதற்கு ஈடாகுமா என்பதைக் கையேடு எழுதியவர்கள்தாம் கணக்கிட்டுக் காட்ட வேண்டும்.

இவ்வளவுக்குப் பின்னும் கணக்குத் திறப்பவர் திறக்கட்டும். கடவுச்சொல்லை மறந்தால் மீட்டுத்தர அங்கே எவரும் இல்லை. தாளில் எழுதி இரண்டு இடங்களில் வைத்துக்கொள்வது நல்லது. பதிவிடவும் வாக்களிக்கவும் தனிச் சாவி ஒன்று உண்டு. அன்றாடம் அதை மட்டுமே பயன்படுத்தி, பணத்தை நகர்த்தும் சாவியை விலக்கி வைக்கலாம். கையேடுகளில் பிழையின்றி இருக்கும் பகுதி இது ஒன்றே.

அவை ஒரு சொல்லும் சொல்லாத பகுதி வேறு. அங்கே எழுதியதைத் திருத்தினாலும் முந்தைய வடிவம் சங்கிலியில் அப்படியே இருக்கும். நீக்கினாலும் திரையிலிருந்துதான் போகும். சொந்தக் கருத்துக்கு இந்த நிலைபேறு பெருமையாகக்கூட இருக்கலாம். களப்பணியில் கிடைத்த பேச்சுக்கு அப்படியன்று. கிளைமொழி ஆய்வாளர் பதிவுசெய்துவரும் உரையாடலில் பேச்சாளரின் பெயர், ஊர், சாதி, குடும்பச் சண்டை எல்லாம் கலந்தே இருக்கும். தம் தரவுகளை அழிக்கக் கோரும் உரிமையை 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குடிமக்களுக்குத் தருகிறது. அச்சட்டம் வருவதற்கு நெடுநாள் முன்பிருந்தே, எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்ற வரி மொழியியல் களப்பணியின் ஒப்புதல் படிவங்களில் இருந்துவருகிறது. அதன்கீழ் கையெழுத்திட்டவரோ பெருவிரல் ரேகை வைத்தவரோ நாளை வந்து தம் பேச்சைத் திருப்பிக் கேட்டால், ஏழு நாள் வருவாய்க்காக அதைச் சங்கிலியில் ஏற்றிய ஆய்வாளரால் அதைத் திருப்பித்தர முடியாது.