வெயிலை அளக்கும் கருவிகளை யார் சரிபார்ப்பது?

ஏப்ரல் முற்பகுதியில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலாக நகர்கிறது. ஓகஸ்ட் இறுதியில் மீண்டும் வருகிறது. அந்நாட்களில் கைத்தொலைபேசியில் வெப்பநிலையோடு புற ஊதாச் சுட்டெண் என்றோர் இலக்கமும் தோன்றுகிறது. அது 3ஐ எட்டினாலே பாதுகாப்புத் தேவை, 11 முதல் அதியுச்ச ஆபத்து என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அந்த இலக்கம் பெரும்பாலும் செய்மதித் தரவுகளையும் கணினி மாதிரிகளையும் கொண்டு கணிக்கப்படுவது. நிலத்தை ஒட்டிய புகையையும் தூசியையும் செய்மதிகள் முழுமையாகக் காண்பதில்லை. எனவே நிலத்தில் அளந்துதான் அதைச் சரிபார்க்க வேண்டும்.

ஆனால் நிலத்துக் கருவியும் தவறலாம். அமெரிக்காவில் 8 நிலையங்களின் 1974 - 1985 காலப் பதிவுகளை வைத்து, புற ஊதாக் கதிர் குறைந்து வருவதாக 1988இல் ஓர் ஆய்வு வெளியானது. ஓசோன் படலத்தைக் காக்கும் மொன்றியல் உடன்படிக்கை அதற்கு முந்தைய ஆண்டில்தான் கைச்சாத்தாகியிருந்தது. ஓசோன் அச்சம் மிகையானது என்று வாதிட்டவர்களுக்கு அது ஆயுதமானது. அந்தக் கருவிகளின் அளவுதிருத்தம் நீண்டகாலப் போக்கைச் சொல்லப் போதுமானதல்ல என்பதைப் பிந்திய மீளாய்வுகள் காட்டின.

வடிகட்டி பழுதாகும். வெப்பம் கூடினால் உணரியின் அளவு மாறும். சாய்வாக வரும் கதிரைக் கருவி குறைத்துக் காட்டும். இதற்காகவே சுவிற்சர்லாந்தின் டாவோஸ் உலகக் கதிர்வீச்சு மையம், ஒரு மேற்கோள் கருவியை நிலையம் நிலையமாகக் கொண்டுசென்று ஒப்பிடுகிறது.

10 வீதப் பிழை சிறிதல்ல. உண்மையான 11, கருவியில் 10 ஆகி, 'மிக அதிகம்' என்ற கீழ்ப்படிக்கு இறங்கிவிடும். உப்பளத்திலும் களப்புக் கடலிலும் வயலிலும் நிற்பவர்களுக்கும், கண்ணிவெடி அகற்றுவோருக்கும் நண்பகல் வேலையை நிறுத்துவதா என்பது இப்படியான எச்சரிக்கையில் தங்கியிருக்கலாம். கருமையான தோல் எரிகாயத்தைக் குறைக்கும். கண்ணில் புரை வளர்வதைத் தடுக்காது.

கருவியொன்றைப் பொருத்திப் பெயர்ப்பலகை திறப்பது எளிது. வருடாந்த அளவுதிருத்தத்துக்கு நிதி உண்டா, கடைசியாகச் சரிபார்த்த திகதி பகிரங்கப்படுத்தப்படுமா என்பவையே எந்த நிறுவனத்திடமும் நாம் கேட்கவேண்டிய கேள்விகள்.

கருவி இல்லாத இடத்தில் நிழலைப் பாருங்கள். அது உங்கள் உயரத்தைவிடக் குறுகியிருந்தால், தொப்பியும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் தேவை.