பாட்டனார் கொடுத்த விலை யாருக்குத் தெரியும்?

நயினாதீவுக்குச் செல்வதற்காகக் குறிகட்டுவான் துறையில் வள்ளத்தை எதிர்பார்த்து நின்ற ஒரு காலைப் பொழுதில், நமக்கு நெடுநாட் பழக்கமுள்ள மூதாட்டியார் ஒருவர் அருகில் வந்து அமர்ந்தார். "தம்பி, உங்களுக்கு உறுதி, கணக்கு எல்லாம் தெரியும். ஒன்று கேட்கிறேன், சொல்லுங்கள்" என்று தொடங்கினார்.

வேலணையில் அவருடைய தகப்பனார் 1948ஆம் ஆண்டளவில் வாங்கிய எட்டுப் பரப்புக் காணி ஒன்று உண்டு. பிள்ளைகள் மூவர், தமையனார் கனடாவில், தம்பியார் இலண்டனில், இவர் மட்டும் ஊரில். மூவரும் ஒரு மனப்பட்டுக் காணியை விற்க இசைந்தனர். வெளிநாட்டிலுள்ள இருவரும் அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பினர். விலையும் தீர்ந்தது. அப்பொழுதுதான், காணி விற்ற இலாபத்துக்கு வரி உண்டென்றும், வாங்கிய விலைக்குச் சான்று இல்லாவிடின் விற்ற தொகை முழுவதுமே இலாபமாகக் கொள்ளப்படும் என்றும் யாரோ கூறிவிட்டார்கள். பழைய உறுதியோ, 1990இல் தீவகத்தை விட்டு நீங்கியபொழுது யாழ்ப்பாணம் வந்து சேர்ந்து, 1995 ஒக்டோபரில் வலிகாமத்திலிருந்து மக்கள் வெளியேறியபொழுது தொலைந்து போனது. "அப்பு என்ன விலை கொடுத்தார் என்று இனி யாரைத் தம்பி கேட்பது?" என்றார் அவர்.

இக்கேள்வி அவர் ஒருவருக்கே உரியதன்று. ஊர்காவற்றுறை தொடங்கி நெடுந்தீவு வரை, உறுதிப் பெட்டியை இழந்த குடும்பங்கள் எத்தனையோ உள. ஆதலின் அன்று துறையிற் கூறிய விடையை இங்கே சற்று விரித்து எழுதுகின்றோம்.

முதலில் இவ்வரியின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். மூலதன ஆதாய வரி இலங்கைக்குப் புதியதன்று. கேம்பிரிட்ஜ் பொருளியலறிஞர் கல்டோரின் ஆலோசனைகளை ஒட்டி 1950களின் பிற்பகுதியில், பண்டாரநாயக்கா அரசாங்க காலத்திலே, அது இந்நாட்டுக்கு வந்தது. 2002இல் நீக்கப்பட்டது. பின்னர் 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் கீழ், 2018 ஏப்பிரல் முதலாந் திகதி தொடக்கம், நூற்றுக்குப் பத்து என்ற வீதத்தில் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. இடையிற் கழிந்த பதினாறு ஆண்டுகளில் இவ்வரி இல்லாதிருந்தமையால், வாங்கிய விலையை எழுதிவைக்க வேண்டும் என்ற எண்ணமே பல வீடுகளில் அற்றுப்போயிற்று.

சட்டத்தை இயற்றியோர் இந்த நிலையை அறியாதவரல்லர். ஆகவே ஒரு வழி வகுத்தனர். 2017 செப்டெம்பர் 30ஆந் திகதியன்று ஒருவருக்கு உடைமையாயிருந்த காணி முதலிய முதலீட்டுச் சொத்துக்களுக்கு, அன்றைய சந்தைப் பெறுமதியே அடக்கவிலையாகக் கொள்ளப்படும். பாட்டனார் எண்ணூறு ரூபாவுக்கு வாங்கினாரா, எட்டாயிரம் ரூபாவுக்கு வாங்கினாரா என்ற வினாவே எழாது. சீதனமாக வந்ததாயினும், முதுசமாக வந்ததாயினும், தேடிய தேட்டமாயினும், அந்த ஒரு நாளின் பெறுமதியே கணக்கின் தொடக்கம்.

மாணவர்களுக்கும் விளங்குமாறு, வெறும் உதாரணமாக ஓர் எண்ணைக் கொள்வோம். காணி இன்று 40 இலட்சம் ரூபாவுக்கு விலைப்படுகின்றது. 2017 செப்டெம்பர் 30இல் அதன் பெறுமதி 24 இலட்சம். அதன் பின்னர் மதில் கட்டிய செலவு 3 இலட்சம். நொத்தாரிசு, தரகு முதலிய விற்பனைச் செலவு 1 இலட்சம். மூன்றையும் கூட்டினால் 28 இலட்சம். அதனை 40 இலட்சத்திற் கழிக்க, இலாபம் 12 இலட்சம். மூவர் பங்காளிகளாதலின் தலைக்கு 4 இலட்சம். நூற்றுக்குப் பத்து வீதமாயின் ஒருவர் கட்டவேண்டியது 40,000 ரூபா. மூவருக்குமாக 120,000 ரூபா.

அந்த நாளின் பெறுமதியை விடுத்து, 1948இல் கொடுத்த எண்ணூறு ரூபாவையே அடக்கவிலை எனக் காட்டினால் யாது நிகழும்? இலாபம் 35 இலட்சத்து 99 ஆயிரத்து 200 ரூபாவாகும். வரி 359,920 ரூபாவாகும். அறியாமையின் விலை ஏறத்தாழ இரண்டரை இலட்சம் எனலாம். வரி வீதங்கள் காலத்துக்குக் காலம் மாற்றப்படுவன. ஆதலின் விற்கும் ஆண்டில் உள்ள வீதத்தைக் கேட்டறிந்தே கணக்கை முடித்தல் வேண்டும்.

இனி, அந்த நாளின் பெறுமதியை நிறுவுவது எவ்வாறு? "அப்போது இவ்வளவு போயிருக்கும்" என்று வாயாற் சொன்னாற் போதாது. தகுதி பெற்ற விலைமதிப்பீட்டாளர் ஒருவரிடம் எழுத்து மூலமான அறிக்கை பெறுதல் வேண்டும். இன்றைய விலைக்கான அறிக்கை இதற்கு உதவாது. 2017 செப்டெம்பர் 30ஆந் திகதிக்குரிய பெறுமதி என்று அதிலே தெளிவாக எழுதப்பட்டிருத்தல் அவசியம். அவர் அக்காலத்தில் அயலில் விலைப்பட்ட காணிகளின் உறுதிகளைக் கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்பார்.

தீவகத்தில் இவ்வொப்பீட்டுக்கு ஊரறிவும் வேண்டும். கிணற்று நீர் நன்னீரா, உவர்நீரா என்பதொன்றே அடுத்தடுத்த இரு காணிகளின் விலையைப் பெரிதும் வேறுபடுத்தும். பிரதான வீதியோரமா, ஒழுங்கையா, பனங்காணியா, தோட்ட நிலமா என்பனவும் நோக்கப்படும். நெடுந்தீவில் பவளக்கற்களால் அடுக்கிய வேலி எல்லையைத் தெளிவாகக் காட்டும்; வேலி அழிந்த இடங்களிலோ நில அளவையாளரின் படம் வேண்டும். பிரதேச சபைக்குச் செலுத்திய சோலைவரிப் பற்றுச்சீட்டு, மின்சாரப் பட்டியல், 2017ஐ ஒட்டி எடுத்த புகைப்படம் ஆகியவற்றை மதிப்பீட்டாளருக்குக் கொடுத்துதவுக. கலியாண வீட்டுப் படத்தின் பின்புறத்தே தெரியும் மதிலும் கிணறும் ஒரு சான்றேயாகும்.

வரிக் கணக்குக்கு வாங்கிய விலை வேண்டாம் என்பதால் பழைய உறுதியும் வேண்டாம் என்று எண்ணிவிடலாகாது. காணி நம்முடையது என்பதற்கு அது வேண்டும். நொத்தாரிசு எழுதும் உறுதி ஒன்றாயிருப்பதில்லை: ஒன்று உரியவரிடம், ஒன்று நொத்தாரிசின் ஏட்டில், இன்னொன்று காணிப் பதிவகத்தில். வீட்டுப் பிரதி அழிந்தாலும் பதிவகத்தில் தேடி அத்தாட்சிப்படுத்திய பிரதி பெற முயலலாம். நொத்தாரிசின் பெயர், உறுதி இலக்கம், எழுதிய ஆண்டு ஆகியவற்றுள் ஏதேனும் தெரிந்தால் தேடல் எளிதாகும். அயற்காணிக்காரரின் உறுதியில் எல்லையாக நமது பெயர் எழுதப்பட்டிருப்பின் அதுவும் வழிகாட்டும்.

குடியிருந்த வீட்டைப் பற்றியும் ஒரு சொல். விற்குமுன் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து உடைமையாயிருந்து, அவற்றுள் இரண்டு ஆண்டுகளாவது ஒருவர் தமது பிரதான வதிவிடமாகக் கொண்டு வாழ்ந்த வீட்டுக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் விலக்களித்தது. இடம்பெயர்ந்து திரும்பாதவர்களின் வீட்டுக்கோ அவ்விலக்கு எட்டாது. விரும்பிப் போனவரையும் விரட்டப்பட்டுப் போனவரையும் கணக்கு ஒன்றாகவே நோக்குகின்றது. இது நெஞ்சுக்கு வருத்தமே. ஆயினும் அறிந்திருத்தல் நன்று.

கடல் கடந்து வாழும் உறவினருக்கு வேறொரு கணக்கும் உண்டு. கனடாவில் 1972 முதல் இவ்வகை வரி நடைமுறையில் உள்ளது. அங்கே குடியேறியவர் ஊரிலுள்ள காணியை விற்றால், அவர் கனடாவின் வதிவாளரான நாளில் இருந்த பெறுமதியே அந்நாட்டுக் கணக்குக்கு அடக்கவிலை. ஆகவே, ஒரே காணிக்குத் தங்கைக்கு ஒரு நாள், தமையனுக்கு இரு நாட்கள்! இங்கே கட்டிய வரியின் பற்றுச்சீட்டை அவர் பத்திரப்படுத்தல் வேண்டும். அங்குள்ள கணக்கில் அது உதவும்.

இவ்வளவும் கேட்டபின் மூதாட்டியார் குரலைத் தாழ்த்தி, "வாங்குகிறவர் உறுதியில் பாதி விலையை எழுதுவோம் என்கிறார். வரியும் குறையுமாம்" என்றார். அவருக்கு உண்மையான ஆபத்து இருந்த இடம் இதுவே.

பொய் விலை எழுதுவது குற்றம் என்பது ஒருபுறமிருக்க, அதன் சுமை பின்னர் எங்கே விழும் என்று பாருங்கள். 40 இலட்சம் கொடுத்தவர் 20 இலட்சம் என எழுதுவித்தால், நாளை 50 இலட்சத்துக்கு விற்கும்பொழுது அவருடைய எழுத்துப்படி இலாபம் 30 இலட்சம்; உண்மையிலோ பத்தே இலட்சம். பிறர் வரியையும் தம் தலையில் ஏற்றிக்கொள்பவர் அவரே. மூதாட்டியாருக்கோ அதனினும் பெரிய கேடு. எழுத்திலே இல்லாத 20 இலட்சத்தைத் தமையனுக்கும் தம்பிக்கும் எந்தச் சான்றைக் காட்டிப் பங்கிடுவார்? ஊரில் இருந்து காணியைக் காத்தவர்மேலேயே ஐயம் விழும். வரியில் மிச்சம் பிடித்த சில ஆயிரங்களுக்காக உடன்பிறந்தாரின் நம்பிக்கையை ஈடு வைக்கலாமோ?

விற்பனை முடிந்தபின் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு விவரத்திரட்டு அனுப்ப ஒரு மாதமே தவணை. எனவே மதிப்பீட்டு அறிக்கையை உறுதி எழுதுமுன்னரே பெற்றுக்கொள்வது விவேகம்.

வீட்டிலுள்ள மாணவ மணிகளுக்கு ஒரு பணி தருகின்றோம். இவ்விடுமுறையில் ஒரு கொப்பி எடுத்து, குடும்பக் காணி ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். காணியின் பெயர், பரப்பு, உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், எப்படி வந்தது, பின்னர் செய்த திருத்தச் செலவு ஆகியவற்றைப் பெரியோரைக் கேட்டு எழுதுங்கள். பத்திரங்களைக் கைபேசியிற் படமெடுத்து, வெளியூரிலுள்ள மாமாவுக்கோ சித்திக்கோ ஒரு பிரதி அனுப்பிவையுங்கள். ஒரு பெட்டி தொலைந்தாலும் மற்றொன்று எஞ்சும்.

வள்ளம் வந்தது. மூதாட்டியார் துணிப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "முழு விலையையுமே எழுதச் சொல்கிறேன் தம்பி. அண்ணனுக்கும் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன்" என்றார். அவ்வொரு சொல்லால் அவர் காத்துக்கொண்டது காணிப் பணத்தை மட்டுமன்று.