முதுமையின் மறதியா, மூளை மேல் இரத்தக் கசிவா?



வயது முதிர்ந்த வாப்பாவோ மூத்தம்மாவோ வுழுச் செய்யும் இடத்தில் வழுக்கி விழுகிறார். அல்லது கதவு நிலையில் தலையை இடித்துக் கொள்கிறார். காயமில்லை. வீக்கமும் இரண்டு நாளில் வற்றி விடுகிறது. வீட்டார் அதை மறந்தே போகிறார்கள். மூன்று நான்கு வாரம் கழித்து அவர் எத்தனை ரக்அத் தொழுதோம் என்று தடுமாறுகிறார். ஒரு காலை இழுத்து நடக்கிறார். பகலிலும் உறங்குகிறார். நாமோ, "வயசு போய்விட்டது" என்று விட்டு விடுகிறோம். சிலர் கண்ணூறு என்று எண்ணி ஓதிப் பார்ப்பதோடு நின்று விடுகிறார்கள். குணப்படுத்தக் கூடிய ஒரு நோய் இப்படித்தான் கைநழுவிப் போகிறது.

மூளையை மூன்று உறைகள் போர்த்தியிருக்கின்றன. வெளியே இருப்பது தோல் போன்ற தடித்த உறை. அதற்கு உட்புறம் சிலந்தி வலை போன்ற மெல்லிய உறை. இவ்விரண்டுக்கும் இடையில் இரத்தம் மெல்லத் தேங்குவதே இந்நோய்.

வயது ஏற ஏற மூளை சற்றுச் சுருங்குகிறது. மண்டையோடு சுருங்குவதில்லை. அதனால் மூளையிலிருந்து வெளியுறைக்குச் செல்லும் சிறு நாளங்கள் இழுபட்டு நிற்கின்றன. இலேசான அதிர்ச்சியிலும் அவற்றில் ஒன்று கிழியலாம். நாளத்தில் அழுத்தம் குறைவு. ஆகவே இரத்தம் பீறிட்டுப் பாயாமல் மெல்லக் கசிகிறது. சுருங்கிய மூளையைச் சுற்றி இடமும் இருப்பதால் ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் தெரிவதில்லை.

கசிந்த இரத்தம் ஏன் தானாக வற்றி விடுவதில்லை? தேங்கிய இரத்தம் தண்ணீரை உறிஞ்சிப் பெருக்கிறது என்று 1930களில் ஒரு கருத்து நிலவியது. உள்ளிருக்கும் திரவத்தின் செறிவு இரத்தத்தின் செறிவை ஒத்ததே என்று 1971இல் அளந்து காட்டப்பட்டதும் அக்கருத்து வலுவிழந்தது. இது அழற்சி நோய் என்று ஜேர்மனிய அறிஞர் ருடோல்ப் விர்ச்சோ 1857இலேயே கூறியிருந்தார். இன்றைய விஞ்ஞானம் அவ்விடத்துக்கே திரும்பி வந்திருக்கிறது.

காயத்தை ஆற்றுவதற்காக உடல் அந்த இரத்தத்தைச் சுற்றி ஒரு சவ்வை வளர்க்கிறது. அச்சவ்வில் புதிய குருதிக் குழாய்கள் முளைக்கின்றன. அவை பலவீனமானவை, ஓயாமல் கசிபவை. இன்னொரு புறம், உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் இரசாயனங்களும் அங்கே சுரக்கின்றன. ஆதலால் கசிவு அடைபடுவதில்லை. கசிவு அழற்சியைக் கூட்டுகிறது. அழற்சி மேலும் கசிவைக் கூட்டுகிறது. ஆற்ற வந்த ஏற்பாடே நோயை வளர்க்கிறது. சத்திரசிகிச்சையில் வெளிவரும் திரவம் பழைய எஞ்சின் ஒயில் போலக் கறுத்திருப்பதும் இதனால்தான்.

சி.டி. ஸ்கேன் மூலம் இதைக் கண்டுபிடிக்கலாம். பாரிசவாதம் என்றோ மறதி நோய் என்றோ இதைத் தவறாக எண்ணி விட இடமுண்டு. அழுத்தம் மிகுந்தால் மண்டையோட்டில் சிறு துளையிட்டுத் திரவத்தை வெளியேற்றுவார்கள். அவ்விடத்தில் வடிகுழாய் வைத்தால் நோய் மீண்டும் வருவது வெகுவாகக் குறைகிறது என்று 2009இல் வெளியான பிரித்தானிய ஆய்வு காட்டியது. ஸ்டீரோயிட் மருந்து அழற்சியைத் தணிக்கும் என்ற நம்பிக்கை 2020ஆம் ஆண்டு ஆய்வில் பலிக்கவில்லை. மருந்து பெற்றவர்களில் நன்கு தேறியவர்கள் குறைவாகவே இருந்தனர். சவ்வுக்கு இரத்தம் கொண்டு செல்லும் நாடியை உள்ளிருந்தே அடைக்கும் முறை நல்ல பயன் தருவதாக 2024இல் ஆய்வுகள் வெளிவந்தன.

வீட்டுப் பெண்கள் கவனிக்க வேண்டியவை:

* தலையில் அடிபட்ட திகதியைக் குறித்து வையுங்கள். இரண்டு மூன்று மாதம் வரை அவதானியுங்கள்.

* தொடர் தலைவலி, தள்ளாட்டம், பேச்சுத் தடுமாற்றம், ஒரு பக்கப் பலவீனம், புதிய மறதி ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் வைத்தியரிடம் காட்டுங்கள். பழைய அடியைப் பற்றி நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். எழுப்ப முடியாத உறக்கமோ வலிப்போ கண்டால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

* வார்பரின், அஸ்பிரின் போன்ற குளிசை எடுப்போருக்கு அபாயம் அதிகம். அதற்காக அவற்றை நீங்களாக நிறுத்தி விடாதீர்கள், வைத்தியரைக் கேளுங்கள்.

* வுழுச் செய்யும் இடத்திலும் குளியலறையிலும் ஈரம் தேங்க விடாதீர்கள். சுவரில் ஒரு கைப்பிடியும் இரவில் ஒரு சிறு விளக்கும் போதும்.

துஆவும் வேண்டும், மருந்தும் வேண்டும். பெற்றோரைப் பேணுவது நம்மீது கடமை. அவர்களிடம் தோன்றும் திடீர் மாற்றத்தை முதுமை என்று தள்ளி விடாமல் கவனிப்பதும் அக்கடமையில் சேர்ந்ததே. அல்லாஹ் நம் முதியோருக்கு நல்ல சுகத்தைத் தருவானாக.